வலியறிந்து ஓடுதல்: குளிர்காலத்தில் நெடுந்தொலைவு ஓட்டம்

தோற்றுவாய்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஓட்டப்பந்தயத்திற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. ஆயினும் திருக்குறளின் பொருட்பாலில் 48, 49, 50 ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கும் முறையை எண்ணிப் பார்ப்போர் இதற்கு விடை காண்பர். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன அவை. வேந்தனுக்கு உரியனவாக வள்ளுவப் பெருந்தகை வகுத்த இம்மூன்றும் நெடுந்தொலைவு ஓடுவோனுக்கும் இன்றியமையாதன. தன் ஆற்றல் எவ்வளவு, ஓடும் பருவம் எத்தகையது, ஓடும் தடம் எவ்வாறு உள்ளது என்னும் மூன்றையும் ஆராயாது விரைபவன் எத்துணை ஊக்கம் உடையவனாயினும் பாதி வழியில் தளர்ந்து நிற்பான்.

இக்கட்டுரையை எழுத மற்றொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் துறையில் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர், வடநாட்டு நகரம் ஒன்றில் சனவரித் திங்களில் நடைபெற்ற பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான 10 கிலோமீட்டர் ஓட்டப் போட்டிக்குத் தேர்வு பெற்றார். கண்மாய்க் கரையில் நாள்தோறும் ஓடிப் பழகியவர். அவரை வழியனுப்பி வைத்தபோது, "தொடக்கத்திலேயே முன்னே சென்றுவிடு, பின்வாங்காதே, முழுமூச்சாய் ஓடு" என்று நாம் வாழ்த்தி அனுப்பினோம். அவரும் அவ்வாறே செய்தார். முதல் 2 கிலோமீட்டர் வரை முன்னணியில் இருந்தார். ஐந்தாவது கிலோமீட்டரில் பலரும் அவரைக் கடந்து சென்றனர். ஏழாவது கிலோமீட்டரில் நடக்கலானார். முடிவுக் கோட்டைத் தொட்டபோது உடல் நடுங்கிக்கொண்டிருந்தது; யாரோ ஒருவர் போர்வை போர்த்தி அமர வைத்தாராம்.

திரும்பி வந்து அவர் கூறிய சொற்கள் இன்றும் நம் நினைவில் உள்ளன. "ஐயா, நம் ஊரில் 2 கிலோமீட்டர் ஓடினாலே சட்டை நனைந்துவிடும். அங்கே வியர்க்கவே இல்லை. மூச்சும் வாங்கவில்லை. அதனால் இன்னும் ஓடலாம் என்று எண்ணி விரைந்துவிட்டேன்." அதன்பின் அவர் எந்தப் போட்டிக்கும் செல்லவில்லை. தம்மால் இயலாது என்றே முடிவு செய்துவிட்டார்.

உடல் மிகக் குறைந்த சோர்வை உணர்ந்த நாளிலேயே ஒருவர் மிக மோசமாகத் தோற்பது எவ்வாறு? இவ்வினா நம்மை நெடுநாள் உறுத்தியது. விடை தேடியபோதுதான், நாம் வழங்கிய வாழ்த்துரையிலேயே பிழை இருந்ததை உணர்ந்தோம். அவருக்கு ஊக்கத்தைக் கொடுத்தோம். அளவைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இனி இத்தகைய போட்டிகளுக்குச் செல்லும் மாணவச் செல்வங்களுக்கேனும் அவ்வளவைச் சொல்லுதல் நம் கடன் எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

புதுக்கோட்டை மண்ணின் ஓட்டக்காரர்கள்

நெடுந்தொலைவு ஓட்டம் நம் மாவட்டத்திற்குப் புதியதன்று. செம்மண் பொட்டல்களும் கண்மாய்க் கரைகளும் நிறைந்த இம்மண்ணிலிருந்து நாடறிந்த ஓட்டக்காரர்கள் தோன்றியுள்ளனர். ஜி. லட்சுமணன், எல். சூர்யா ஆகிய இருவரையும் இங்குச் சிறப்பாகச் சுட்டவேண்டும். இருவரும் புதுக்கோட்டையில் பயிற்சியாளர் லோகநாதனிடம் பயின்றவர்கள்.

2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் குவாகாத்தியில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் சூர்யா 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். 2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில் புவனேசுவரத்தில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் லட்சுமணன் அதே இரு தொலைவுகளிலும் தங்கம் வென்றார். அதே ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் புதுதில்லியில் நடைபெற்ற அரை மாரத்தான் ஓட்டத்தில் சூர்யா 1 மணி 10 நிமிடம் 31 நொடியில் ஓடி இந்திய மகளிருள் முதலிடம் பெற்றார். இந்தியப் பெண் ஒருவர் அத்தொலைவை அதுவரை அவ்வளவு விரைவாக ஓடியதில்லை.

அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். சூர்யாவின் நேரத்தைத் தொலைவால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 நிமிடம் 20 நொடி ஆகிறது. 400 மீட்டர் ஓடுதளத்தில் ஒரு சுற்றை 80 நொடியில் ஓடி, அதே வேகத்தில் நிற்காமல் ஐம்பத்திரண்டு சுற்றுகளுக்கு மேல் ஓடுவதற்கு இது நிகராகும். நம் கல்லூரி மைதானத்தில் ஒரு சுற்றை 80 நொடியில் ஓடக்கூடிய மாணவர் பலர் உளர். இரண்டாவது சுற்றையும் அவ்வாறே ஓடக்கூடியவர் சிலரே. ஐந்தாவது சுற்றில் எஞ்சுவோரை விரல் விட்டு எண்ணலாம். எனவே நெடுந்தொலைவு ஓட்டத்தின் அருமை வேகத்தில் மட்டும் இல்லை. அவ்வேகத்தைத் தொலைவு முழுமைக்கும் பங்கிட்டுக் கொள்வதில் இருக்கிறது. இதனை நாம் 'வேகப் பங்கீடு' எனக் குறிப்போம்.

வெம்மைக்குப் பழகிய உடல்

ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலைப் பொதுவாக இவ்வாறு கணக்கிடுவர்: ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோகலோரி. 60 கிலோ எடையுள்ள இளைஞர் 10 கிலோமீட்டர் ஓடினால் 600 கிலோகலோரி அளவில் செலவாகிறது. இதில் காற்பங்கு அளவே கால்களை இயக்கப் பயன்படுகிறது. எஞ்சிய முக்காற்பங்கும் வெப்பமாக மாறுகிறது. ஓடுகின்ற உடல் ஓர் அடுப்பைப் போன்றது.

அவ்வெப்பத்தை வெளியேற்றாவிடில் உடல் தாங்காது. வெளியேற்றும் வழிகளுள் தலையாயது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டு செல்லும். ஆனால் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டு வர வேண்டியது குருதியே. ஆகவே வெயிற்காலத்தில் இதயத்திற்கு இருவேறு பணிகள் அமைகின்றன. தசைகளுக்கு உயிர்வளி கொண்ட குருதியை அனுப்ப வேண்டும். தோலுக்கும் குருதியை அனுப்ப வேண்டும். ஒரே கிணற்று நீரை இரண்டு வயல்களுக்குப் பாய்ச்சும் நிலை இது. அதனால்தான் ஒரே வேகத்தில் ஓடினாலும் வெம்மையில் நாடித் துடிப்பு மிகுகிறது, மூச்சு விரைகிறது, சோர்வு விரைந்து தோன்றுகிறது.

புதுக்கோட்டையில் ஓடிப் பழகும் மாணவருக்கு இந்த வியர்வையும் மூச்சிரைப்பும்தாம் அளவுகோல். "இவ்வளவு மூச்சு வாங்கினால் இவ்வளவு வேகம்" என்று அவர் உடல் கணக்கு வைத்திருக்கும். நாள்தோறும் ஓடி ஓடித் திருத்தி அமைத்த கணக்கு அது. நம் ஊர்த் தட்பவெப்பத்தில் அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

குளிர் செய்யும் உதவியும் ஏமாற்றும்

இனி, அதே மாணவர் 10 பாகை செல்சியசு வெப்பநிலையில் நிற்பதாகக் கொள்வோம். குளிர் பட்டவுடன் தோலின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. தோலுக்குச் செல்ல வேண்டிய குருதியின் பெரும்பகுதி தசைகளுக்கே கிடைக்கிறது. வியர்வை குறைகிறது. ஒரே வேகத்தில் ஓடும்போது நாடித் துடிப்பு நம் ஊரில் இருப்பதினும் தாழ்ந்தே நிற்கிறது. இது குளிர் செய்யும் உதவி. உலகின் சிறந்த மாரத்தான் நேரங்கள் பலவும் ஏறத்தாழ 10 பாகையை ஒட்டிய தட்பத்தில் ஓடப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம். 2019ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் வியன்னாவில் எலியூட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் மாரத்தான் தொலைவைக் கடந்தபோது, தட்பம் மிக்க காலைப்பொழுதையே தேர்ந்து ஓடினார்.

உதவியோடு ஏமாற்றும் உடன் வருகிறது. வியர்வையையும் மூச்சையும் கொண்டு வேகத்தை அளந்து பழகியவருக்கு அவ்வளவுகோலே இங்குப் பொய்யாகிவிடுகிறது. தாம் மெல்ல ஓடுவதாக அவர் கருதுகிறார். கடிகாரமோ மிக விரைவாக ஓடுவதாகக் காட்டுகிறது. நம் மாணவருக்கு நேர்ந்தது இதுவே.

இதனோடு மற்றொன்றும் சேர்கிறது. ஓட்டம் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் உடல் தனக்கு வேண்டிய உயிர்வளியை முழுமையாகப் பெறத் தொடங்குவதில்லை. மூச்சும் நாடியும் படிப்படியாகவே உயர்கின்றன. அதுவரை தசைகள் தம்மிடம் உள்ள சேமிப்பைக் கொண்டு கடன்பட்டு இயங்குகின்றன. கடன் வாங்கும்போது சுமை தெரிவதில்லை. இது எல்லாப் பருவத்திலும் நிகழ்வதே. ஆயினும் நம் ஊரில் வெம்மை ஒரு காவலனைப் போல் நின்று விரைவில் எச்சரித்துவிடும். குளிரிலோ அவ்வெச்சரிக்கை காலந்தாழ்ந்தே வருகிறது. வரும்போது கடன் பெருகியிருக்கும்.

மேலும், மிகு வேகத்தில் ஓடும்போது தசைகளில் சேமித்து வைக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் மிக விரைவாகச் செலவாகிறது. தசையில் அமிலத்தன்மை மிகுந்து சுருங்கி விரியும் திறனும் குன்றுகிறது. வேகம் ஒரு பங்கு மிகுந்தால் இழப்பும் ஒரு பங்கே மிகும் என்று எண்ணுதல் தவறு. ஒருவருடைய தாங்கு வேகத்தின் எல்லையைக் கடந்தபின் இழப்பு பன்மடங்காகிறது.

ஒரு கணக்கு

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 10 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் ஓடும் ஆற்றல் உடைய மாணவர் ஒருவர் இருக்கிறார் எனக் கொள்வோம். அவர் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் வீதம் ஓட வேண்டும். குளிரின் ஏமாற்றில் முதல் 2 கிலோமீட்டரைத் தலா 3 நிமிடம் 40 நொடியில் ஓடிவிடுகிறார். 40 நொடி கையிருப்பு. அடுத்த 3 கிலோமீட்டரை 4 நிமிட வீதத்தில் ஓடுகிறார். அதன்பின் கடன்காரன் வந்து நிற்கிறான். எஞ்சிய 5 கிலோமீட்டரையும் தலா 4 நிமிடம் 20 நொடியில்தான் ஓட முடிகிறது. கூட்டிப் பார்த்தால் 41 நிமிடம். 40 நொடி முன்னே சென்றவர் முடிவில் ஒரு நிமிடம் பின்தங்குகிறார். நடக்கும் நிலை வந்தால் இழப்பு இதனினும் மிகும்.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சிகாகோவில் கென்ய நாட்டின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 நொடியில் மாரத்தான் ஓடி உலகச் சாதனை படைத்தார். அவ்வோட்டத்தின் முற்பாதிக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 60 நிமிடம் 48 நொடி. பிற்பாதிக்கு 59 நிமிடம் 47 நொடி. பிற்பாதியே விரைவானது. வியன்னாவில் கிப்சோகே ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் 2 நிமிடம் 48 நொடிக்கும் 2 நிமிடம் 52 நொடிக்கும் இடையிலேயே அமைந்தது. உலகின் தலைசிறந்த கால்களுக்கும் தொடக்கத்தில் கடிவாளம் வேண்டியிருக்கிறது என்பதை இவை உணர்த்துகின்றன.

வலியறிதல்

தன் வலி அறிதல் என்பது தன் மிகச் சிறந்த நாளை மட்டும் நினைவிற் கொள்ளுதல் அன்று; இன்றைய உடல் எத்தகையது என்று அறிதலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு ஓட்டத்தில் போட்டியிட்ட செய்தி அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. முதன்முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு காலத்தில் அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்தபோது மீண்டும் ஓட, இம்முறை நாயகம் (ஸல்) அவர்கள் முந்தினார்கள். இல்லற வாழ்வின் இனிமையைக் காட்டும் இந்நிகழ்ச்சியில் ஓட்டக்காரருக்கும் ஒரு பாடம் உண்டு. ஓடியவர் அவரே, ஆயினும் உடலின் வலி காலத்திற்குக் காலம் வேறுபடுகிறது.

போட்டிக்கு முன் இரு திங்களேனும் கடிகாரத்தைக் கொண்டு ஓடிப் பழகுதல் வேண்டும். 40 நிமிட இலக்கு உடையவர் ஒரு சுற்றை 96 நொடியில் ஓடவேண்டும். 90 நொடியிலும் கூடாது. 102 நொடியிலும் கூடாது. கடிகாரத்தைப் பாராமலே இது 96 நொடி என்று கால்கள் சொல்லும் அளவிற்குப் பழகுதல் வேண்டும். அவ்வாறு பழகியவருக்குக் குளிரில் மூச்சு பொய் சொன்னாலும் கால்கள் உண்மை சொல்லும்.

சுவீடன் நாட்டு அறிஞர் குன்னர் போர்க் என்பார், ஒருவர் தம் முயற்சியைத் தாமே உணர்ந்து மதிப்பிட 6 முதல் 20 வரையிலான ஓர் அளவுகோலை வகுத்தார். கருவி ஏதுமின்றியே முயற்சியை அளக்கலாம் என்பது இதன் சிறப்பு. மாணவர் எளிதில் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்றும் உண்டு: ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிந்தால் அது எளிய வேகம், மூன்று நான்கு சொற்களே பேச முடிந்தால் அது போட்டிக்குரிய வேகத்தை அண்மியது, ஒரு சொல்லும் பேச இயலாவிடில் அது முடிவுக் கோட்டிற்கு அருகில் மட்டுமே ஓடத்தக்கது. ஆனால் குளிர்காலப் போட்டியின் முதல் 3 கிலோமீட்டருக்கு இவ்வுணர்வை நம்பலாகாது. அங்குக் கடிகாரமே ஆசான். மூன்றாவது கிலோமீட்டருக்குப் பின் உடல் நிலைகொண்ட பிறகே உணர்வை ஆசானாகக் கொள்ளலாம்.

காலமறிதல்

தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. குளிருக்கு மட்டும் மூன்று பருவங்களை வகுத்த நம் முன்னோர் குளிர் எல்லாம் ஒரே தன்மையது அன்று என்பதை அறிந்திருந்தனர். ஓட்டக்காரரும் அதனை அறிதல் வேண்டும்.

காற்றில்லாத உலர்குளிர் ஓட்டத்திற்குத் துணை. காற்றோடும் மழையோடும் கூடிய குளிர் பகை. வெம்மையில் தளர்ந்தவர் வேகத்தைக் குறைத்தால் உடல் ஆறும். ஈரக்குளிரில் தளர்ந்தவர் வேகத்தைக் குறைத்தால் உடலில் வெப்பம் பிறப்பது குறைகிறது; நனைந்த ஆடையும் காற்றும் உள்ள வெப்பத்தையும் பறித்துக்கொள்கின்றன; தசைகள் விறைக்க, வேகம் மேலும் குறைகிறது. நம் மாணவர் முடிவுக் கோட்டில் நடுங்கியதன் காரணம் இதுவே. தொடக்கத்தில் மிகுவிரைவாக ஓடியதற்கான தண்டனையைக் குளிர் இருமடங்காகத் தருகிறது.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பாசுடன் மாரத்தான் கொட்டும் மழையிலும் எதிர்க்காற்றிலும் கடுங்குளிரிலும் நடைபெற்றது. புகழ்பெற்ற ஓட்டக்காரர் பலர் இடையிலேயே விலகினர். மகளிருள் வென்ற அமெரிக்க வீராங்கனை டெசு லிண்டன் தொடக்கத்தில் தாமும் விலகவே எண்ணினார். விலகுமுன் பிறருக்கு உதவுவோம் என்று கருதி, தம் நாட்டு வீராங்கனை ஒருவர் இடையில் நிற்க நேர்ந்தபோது தாமும் வேகத்தைக் குறைத்து அவருக்குத் துணையாக ஓடினார். மெல்ல மெல்ல முன்னேறி 2 மணி 39 நிமிடம் 54 நொடியில் முதலாவதாக முடித்தார். அவருடைய பிற ஓட்டங்களோடு ஒப்பிட இது விரைவான நேரமன்று. அன்றைய காலத்தை அறிந்து ஓடியவர் அவர். ஆடவருள் வென்ற சப்பானியர் யூகி கவாவுச்சி அப்போது பள்ளி அலுவலகம் ஒன்றில் பணியாற்றிய அரசு ஊழியர். அதே ஆண்டின் முதல் நாளில் உறைநிலைக்கும் 17 பாகை கீழான குளிரில் மாசசூசெட்சு மாநிலத்தில் ஒரு மாரத்தானைத் தனியொருவராக ஓடி முடித்தவர். குளிருக்கும் பயிற்சி உண்டு என்பதற்கு அவரே சான்று.

காலமறியாமையின் விலை சில வேளைகளில் உயிராகவும் அமைந்துவிடுகிறது. 2021ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் சீனாவின் கான்சு மாநில மலைப்பகுதியில் நடைபெற்ற 100 கிலோமீட்டர் ஓட்டத்தில் திடீரென வீசிய குளிர்காற்றாலும் மழையாலும் 21 பேர் மாண்டனர். மெல்லிய ஆடையோடு ஓடியவர்கள் பலர். பயிற்சியில் குறைந்தவர்கள் அல்லர் அவர்கள். நாட்டின் சிறந்த ஓட்டக்காரரும் அவருள் இருந்தனர். ஆகவே குளிரை எள்ளுதல் ஆகாது.

வடநாட்டுக் குளிருக்கு உரிய மற்றொரு கேடு புகைமூட்டம். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துத் தாழ்ந்து நிற்க, மேலே உள்ள வெப்பக்காற்று மூடிபோல் அமைந்து புகையை வெளியேற விடாது தடுக்கிறது. 2017ஆம் ஆண்டு தில்லி ஓட்டத்தை ஒத்திவைக்குமாறு இந்திய மருத்துவக் கழகம் வேண்டியது. வழக்கு தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்றபின்னரே ஓட்டம் நடைபெற்றது. சூர்யா வென்றது அந்த ஓட்டத்தில்தான். ஓய்வில் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும் நாம், கடுமையாக ஓடும்போது 100 லிட்டருக்கும் மிகுதியாக இழுக்கிறோம் என்பதை எண்ணினால் இதன் கடுமை விளங்கும். மூச்சு நோய் உள்ள மாணவர்கள் இத்தகைய நாளில் ஓடாதிருத்தலே அறிவுடைமை.

இடனறிதல்

ஒரே வேகம் எல்லாத் தடத்திற்கும் பொருந்தாது. மேட்டில் ஏறும்போதும் எதிர்க்காற்றிலும் வேகம் குறையலாம், முயற்சி மிகலாகாது. இறக்கத்தில் வேகம் தானே மிகும்; அங்கு மூச்சை மீட்டுக்கொள்ள வேண்டும். சமதளத்தில் சம வேகம், மேடுபள்ளத்தில் சம முயற்சி என்பது நினைவிற் கொள்ளத்தக்க விதி. 10 பாகைக் காற்று 35 பாகைக் காற்றினும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு செறிவானது என்பதால், குளிரில் எதிர்க்காற்று சற்றுக் கூடுதலாகவே தடுக்கும். அங்குப் பிறர் பின்னே ஒதுங்கி ஓடுதல் கோழைத்தனம் அன்று, சிக்கனம்.

போட்டியின் களமும் இடனே. லட்சுமணனின் ஓட்டங்கள் இதற்கு நல்ல பாடம். 2017 சூலையில், புழுக்கம் மிக்க புவனேசுவரத்தில், அவர் 5,000 மீட்டரை 14 நிமிடம் 54.48 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். அடுத்த திங்களே இலண்டன் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் அதே தொலைவை 13 நிமிடம் 35.69 நொடியில் ஓடினார். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 16 நொடி வேறுபாடு. விரைவாக ஓடிய நாளில் அவருக்குப் பதக்கம் இல்லை. மெல்ல ஓடிய நாளில் தங்கம். புவனேசுவரத்தில் வெம்மையை அறிந்து அனைவரும் அடங்கி ஓட, வெற்றி இறுதி விரைவால் முடிவாயிற்று. இலண்டனில் தட்பமும் உலகின் சிறந்த போட்டியாளரும் அவரிடமிருந்து அதுவரை காணாத வேகத்தை வெளிக்கொணர்ந்தனர். இரண்டும் இடத்திற்கேற்ற ஓட்டங்களே.

2018ஆம் ஆண்டு சகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 10,000 மீட்டரில் அவர் மூன்றாவதாக முடித்தும், ஓடுதளத்தின் உள்விளிம்பைக் கடந்து கால் வைத்தமையால் வெண்கலத்தை இழந்தார். அத்துணைத் தொலைவு ஓடியபின் ஓர் அடியால் நேர்ந்த அவ்விழப்பு அன்று தமிழகத்தையே வருந்தச் செய்தது. களைப்பு மிகுந்த வேளையிலும் காலடி வைக்கும் இடத்தைக் கண் காத்தல் வேண்டும் என்பதை வேறு எவ்வாறு உணர்த்துவது?

கைக்கொள்ள வேண்டியன

மேற்கூறியவற்றிலிருந்து நம் மாணவர்கள் கைக்கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்துரைப்போம்.

குளிர்ந்த தசை விரைந்து சுருங்காது. காயம் படுதலும் எளிது. எனவே ஓட்டத்திற்கு முன் 15 முதல் 20 நிமிடம் மெல்ல ஓடியும் உடலை அசைத்தும் சூடேற்றுதல் வேண்டும். அழைப்பு வரும் வரை மேலாடையைக் களைதல் ஆகாது. கையுறையும் காது மறைக்கும் துணியும் நகைப்பிற்குரியன அல்ல. ஓடும்போதோ மிகைப்பட உடுத்தலும் தீது. நிற்கையில் சற்றுக் குளிர்வதாகத் தோன்றும் அளவே ஓடுவதற்கு உரியது.

குளிரில் தாகம் தோன்றுவது குறைவு. சிறுநீரோ மிகுதியாகக் கழியும். தாகம் இல்லை என்பதால் நீர் வேண்டாம் என்று முடிவு செய்யலாகாது.

10 கிலோமீட்டரை 3, 4, 3 எனப் பகுத்துக்கொள்க. முதல் 3 கிலோமீட்டரைக் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டு, இலக்கு வேகத்தினும் ஒன்றிரண்டு நொடி தாழ்வாகவே ஓடுக. பிறர் கடந்து சென்றால் செல்லட்டும். நடு 4 கிலோமீட்டரில் இலக்கு வேகத்தில் நிலைகொள்க. தளர்ந்து வருவோரை ஒருவர் ஒருவராகக் கடக்கத் தொடங்குவது இப்பகுதியிலேயே. இறுதி 3 கிலோமீட்டரில் கையிருப்பைச் செலவிடுக. முழுமூச்சாய் ஓட வேண்டிய இடம் அதுவே.

முடித்தவுடன் ஈர ஆடையை மாற்றி உலர்ந்த ஆடை உடுத்துக. ஓட்டம் நின்றதும் உடல் வெப்பம் விரைந்து தாழும்.

நிறைவுரை

நம் மாவட்டத்தில் பனி உறையும் குளிர் இல்லை. மார்கழி விடியலும் வடநாட்டாருக்கு இளவேனிலாகவே தோன்றும். ஆயினும் அம்மார்கழி விடியலைப் பயன்கொள்ளலாம். பங்குனி வெயிலில் ஓடிய அதே தொலைவை மார்கழி விடியலில் ஓடி, இரண்டின் நேரத்தையும் எழுதி வைத்து ஒப்பிட்டால் உடலின் அளவுகோல் எவ்வளவு மாறுகிறது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். ஒரு குறிப்பேடும் கைக்கடிகாரமும் போதும். பொருட்செலவு ஏதுமில்லை.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. வழியனுப்பும்போது வாழ்த்து மட்டும் போதாது. மாணவரின் இலக்கு நேரத்தைக் கேட்டு, முதல் கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடப்போகிறார் என்று கேட்டு, அதனை அவர் வாயாலேயே சொல்ல வைத்து அனுப்புதல் வேண்டும். அன்று நம் மாணவரிடம் அக்கேள்வியை நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் வென்றிருப்பார் என்று கூறத் துணியோம். தம்மால் இயலாது என்னும் முடிவிற்கு அவர் வந்திருக்கமாட்டார் என்று மட்டும் உறுதியாகக் கூறலாம். அவருக்குக் குறைவாக இருந்தது கால் வலிமை அன்று. இச்செய்தி எவ்வகையிலேனும் அவரைச் சென்றடையுமாயின் இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.